ஆற்றுக்குள் போன கோடு

அத்தியாயம் 6

“அவர் ஆற்றில் குதித்துவிட்டார்” என்றது வெடியின் செல்போன், பரிசு விழுந்த செய்தியைச் சொல்கிற உற்சாகப் பெண் குரலில்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த போலீஸ் அதிகாரி தன் பாஷையில் பேச, செல்போன் அதைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பேசினவர் முகத்தில் இருந்த வருத்தம் போனுக்குள் போய் வெளியே வருவதற்குள் எங்கேயோ தொலைந்து போயிருந்தது.

“அந்தப் பொம்பளையைக் கொஞ்சம் அடக்கி வைடா. எழவைக்கூட சிரிச்சுக்கிட்டே சொல்றா” என்று முணுமுணுத்தாள் அத்தை.

“விடுங்க அத்தை. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்றவ நம்ம கூட்டத்துலயே இவ ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் நாலு சேத்துச் சொல்வாங்க.”

வெடி என்பது அவனுக்கு அத்தை வைத்த பெயர். வாயைத் திறந்தால் வெடிப்பான் என்பதால் வந்தது. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அந்த வாய்தான் காரணம் என்று குடும்பத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். வாயை வைத்துக்கொண்டு வேறெங்கும் பிழைக்க முடியாமல், துப்பறியும் தொழில் செய்கிற அப்பாவின் தங்கையிடமே உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தவர்தான் இந்த வெளிநாட்டு ஊருக்கு அவர்களைக் கூட்டி வந்தவர். காணாமல் போன நடைக்காரரின் மனைவி. வெடி அவரை முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து, வயசானவர்கள் வெளிநாட்டு ஊர்களை நடந்து பார்ப்பதற்கென்று சின்னச் சின்னப் புத்தகங்கள் போடுகிறவர்கள். கணவர் ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கருவியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பார். போன வழியைக் கருவி கோடாகப் போட்டுக்கொள்ளும். வீட்டில் இருக்கிற அக்கா அந்தக் கோட்டை வாங்கி வரைபடமாக்குவார். அவர் கால், இவர் கை. இருபது புத்தகம் அப்படி வந்திருக்கிறது. போன மாதம் இந்த ஊருக்கு வந்தவர் காலையில் நடக்கப் புறப்பட்டார். விடுதிக்குத் திரும்பவில்லை.

கருவி இப்போது மேசைமேல் இருந்தது. சோப்பு டப்பா அளவு, சாம்பல் நிறத் திரை, முதுகில் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு. ஆற்றுக்கு அடியில் அக்கரைக்குப் போகிற நடைச் சுரங்கத்தில், படிக்கட்டு முடிகிற இடத்துக் குப்பைத் தொட்டியில் கிடந்ததாம். கூட்டுகிறவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். கோடு கரையோரமாக வந்தது. சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. அப்புறம் கையில் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஆற்றுக்குள் போய், தண்ணீர் நடுவே நின்றுவிட்டது.

“கோடு நீரில் முடிகிறது. இதைவிட வேறு சாட்சி எங்களுக்குத் தேவையில்லை” என்றது போன் குதூகலமாக.

“தேவையில்லையா?” வெடி நிமிர்ந்தான். “கருவி அவர் கையில இருந்துச்சுன்னா அதுவும் ஆத்துக்குள்ளதானே போயிருக்கணும்? குப்பைத் தொட்டிக்கு எப்படி வந்துச்சு? நீச்சலடிச்சுக் கரையேறி, தலையைத் துவட்டிக்கிட்டு, படி இறங்கிப் போய், நம்மால யாருக்கும் உபயோகமில்லைன்னு தானே குப்பையில விழுந்துச்சா?”

கருவியைக் கரையில் வைத்துவிட்டுக் குதித்தார், யாரோ எடுத்துத் தொட்டியில் போட்டார் என்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது.

அத்தை இப்போதுதான் வாயைத் திறந்தாள். “கரையில வெச்சிருந்தா கோடு கரையோட நின்னிருக்கணும். கோடு தண்ணியில போகுதுன்னா கருவி கரையில இல்லை. ரெண்டும் ஒண்ணா நடக்காது. எதை வெச்சுக்கப் போறார்னு கேளு.”

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் அக்கா பக்கம் நகர்த்தினார்.

“இதுல கையெழுத்துப் போட்டா தேடறதை நிறுத்திடுவாங்களா?” என்று கேட்டார் அக்கா.

“நிறுத்திவிடுவோம்” என்றது போன்.

“அப்போ போட மாட்டேன்.” பேனாவை மூடி, தாளின் மேலேயே வைத்தார். கருவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வந்ததும்தான் குரல் உடைந்தது. “மேடம், நான் உங்ககிட்ட பெருசா ஒண்ணும் கேக்கலை. உசுரோட இருக்காரா இல்லையா. அது தெரியாம அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிப் போய்ப் படுக்கிறது?”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவோம்” என்றாள் அத்தை. எது தெரியும் என்று அவள் சொல்லவில்லை.

ஆற்றங்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. தண்ணீர் கழுவாத பாத்திரம் மாதிரி மங்கிக் கிடந்தது. குட்டைச் சுவரில் ஓர் இடைவெளி. அங்கிருந்து சுரங்கத்துக்குப் படிகள் இறங்கின. சரியாக அந்த இடத்தில்தான் கோடு வலப்பக்கம் திரும்பியிருந்தது.

அத்தை சுவரையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள். அது அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டதன் அடையாளம். சளி பிடித்தாலும் அதே சத்தம்தான் என்பதால் வெடி அவசரப்பட்டு சந்தோஷப்படுவதில்லை.

“டேய், இந்தக் கருவியைக் கையில பிடிச்சுக்கிட்டு, அந்தக் கம்பத்துலேர்ந்து வேகமா வந்து, நிக்காம படியில இறங்கு. கீழே போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வா.”

“கீழே என்ன இருக்கு?”

“குப்பைத் தொட்டி. உள்ள விழுந்துடாதே, யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க.”

வெடி கம்பத்திலிருந்து விறுவிறுவென்று வந்தான், இறங்கினான், இருட்டில் நின்றான், மூச்சு வாங்க ஏறி வந்தான். அத்தை கருவியை வாங்கித் திரையைப் பெரிதாக்கினாள். அக்காவும் எட்டிப் பார்த்தார். வெடியின் கோடும் கரையோரமாக வந்து, வலப்பக்கம் திரும்பி, நேராக ஆற்றுக்குள் போய் நடுவே நின்றிருந்தது.

“போச்சுடா. நீயும் செத்துட்டே” என்றாள் அத்தை.

“ஐயோ, கல்யாணம்கூட ஆகலையே அத்தை!”

அக்கா சிரித்துவிட்டார். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் சிரித்து இவர்கள் பார்த்ததில்லை. சிரித்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

“வானம் தெரியற வரைக்கும்தான் இதுக்குக் கண்ணு” என்று விளக்கினாள் அத்தை. “படி இறங்கினதும் மேலேர்ந்து வர்ற சமிக்ஞை போயிடுது. ஆனா உடனே ஒப்புக்காது. குருட்டு மாடு மாதிரி, வந்த திசையிலேயே கொஞ்ச தூரம் தானா நடந்து பார்க்கும். அது போட்ட கோடு இது. தண்ணிக்குள்ள யாரும் போகலை, மெஷினோட கற்பனைதான் போச்சு.”

“அப்போ அவர்…”

“ஆத்துல குதிக்கலை. இந்தக் கருவி படி வழியா இறங்கிப் போயிருக்கு. அவ்வளவு நிச்சயம்.”

அவ்வளவு நிச்சயம் என்று அத்தை நிறுத்தியதை வெடி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. “அக்கரைக்குப் போயிருக்கார்க்கா! தலையில அடிகிடி பட்டு, பேர் ஊர் மறந்து, அங்கே எவன் வீட்டுலயாவது உக்காந்து ‘இந்த ஊர்ல கழிப்பறை சரியில்லை’ன்னு சொல்லிக்கிட்டிருப்பார். போய்க் கூட்டிக்கிட்டு வரவேண்டியதுதான் பாக்கி” என்று அள்ளி விட்டான். அக்காவின் முகத்தில் ரத்தம் ஊறுவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் சொல்லத் தோன்றியது.

அக்காவே முதல் தடவையாக, “ஏதாவது சாப்பிடலாமா?” என்று கேட்டார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை, அதை ஒட்டி ஒரு காபிக் கடை. நின்றுகொண்டே குடிக்கிற உயரமான பலகை. வெடி மூன்று காபியும் ரொட்டியும் வாங்கி வந்தபோது அக்கா கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி நாளின் கோட்டை முதலிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எப்போதும் செய்கிற வேலை. கை தானாகப் போனது.

“இந்தக் கொடி எல்லாம் என்னக்கா?” என்றான் வெடி, கோட்டை ஒட்டி வழி நெடுகக் குத்தியிருந்த குட்டிக் கொடிகளைக் காட்டி.

“அவர் போட்ட குறி. இது குடிதண்ணிக் குழாய். இது கழிப்பறை. இது பெஞ்சு. இது கைப்பிடி இல்லாத படி, ஜாக்கிரதைன்னு அர்த்தம். எங்க புத்தகம் வாங்கறவங்களுக்கு அரண்மனை அப்புறம்தான் தம்பி, முதல்ல கழிப்பறை எங்கேன்னு தெரியணும். ஒரு தடவை ஒரு கழிப்பறையை விட்டுட்டாருன்னு, அதுக்காகவே மறுபடி ரயில் ஏறிப் போய்க் குறிச்சுக்கிட்டு வந்தார்.”

“நல்லவேளை, என்னை மாதிரி ஆளு குறிச்சா ஊர்ல பிரியாணிக் கடை மட்டும்தான் இருக்கும்.”

அக்கா தள்ளிக்கொண்டே போனார். கொடி, கொடி, கொடி. ஊரின் மறுகோடியில் ஒரு பூங்கா. அதற்குள் ஒரு பெஞ்சுக்குக் கொடி. அந்தக் கொடியைச் சுற்றிக் கோடு சின்னச் சிக்கலாகக் குழம்பிக் கிடந்தது.

“இது என்ன, கோழி கிளறின மாதிரி? ரொம்ப நேரம் அங்கேயே நடை போட்டிருக்காரா?” என்றான்.

“நடந்தா இப்படி வராது. ஒரே இடத்துல அசையாம உக்காந்தாதான் வரும். மனுஷன் ஆடாம இருந்தா இது தடுமாறும். பக்கத்துல பக்கத்துல புள்ளி வெச்சுக்கிட்டே இருக்கும்.” அக்கா நேரத்தைத் தட்டிப் பார்த்தார். “மத்தியானம் பூரா உக்காந்திருக்கார். அவர் இப்படி உக்கார மாட்டாரே. ஒரு தம்ளர் தண்ணி குடிக்கிற நேரம் உக்காந்தாலே கால் மரத்துப் போச்சும்பார்.”

மறுபடி தள்ளினார். பூங்காவை விட்டு வெளியே வந்த கோடு, கடைத்தெரு வழியாக, சதுக்கம் வழியாக, ஆற்றங்கரைக்கு வந்தது. விரல் நின்றது. பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். காபியில் ஆடை படிந்தது.

“என்னக்கா?”

“கொடி இல்லை.”

“எங்கே?”

“அந்தப் பெஞ்சுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்லை.” நிமிர்ந்து பக்கத்துச் சுவரைப் பார்த்தார். கழிப்பறைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. “இதோ, இதைத் தாண்டித்தான் கோடு போயிருக்கு. இதுக்கும் கொடி இல்லை.”

“ஏதோ அவசரத்துல…”

“தம்பி.” அக்கா குரலை உயர்த்தவில்லை. “சாகறதுக்கே போயிருந்தாலும் அவர் இதைக் குறிச்சுட்டுத்தான் போயிருப்பார்.”

வெடி அத்தையைப் பார்த்தான். அத்தை கருவியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். “புள்ளியைப் பாருடா. பெஞ்சு வரைக்கும் நெருக்கி நெருக்கி விழுந்திருக்கு. நின்னு நிதானிச்சுப் போற நடை. இங்கேர்ந்து தாவித் தாவி விழுந்திருக்கு. நீ இப்போ கம்பத்துலேர்ந்து ஓடி வந்தியே, உன் புள்ளியும் இதே மாதிரிதான் இருக்கு. வயசான கால் நடந்த நடை இல்லை இது.”

“அப்படின்னா?”

“பெஞ்சுலேர்ந்து இங்கே வந்தது வேற ஆள். கருவியோட அவர் பையைத் தூக்கியிருக்கான். வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு, இந்தப் பழைய சாமானைச் சுரங்கத்துல வீசிட்டுப் போயிருக்கான்.” அத்தை கருவியை மெதுவாகப் பலகைமேல் வைத்தாள். “கோடு முடிஞ்ச இடம்தான் ஆள் போன இடம்னு அந்த அதிகாரி நினைச்சார். அவரை மடக்கின சந்தோஷத்துல நானும் அதையே நினைச்சுட்டேன். கருவி ஆத்துல விழலைன்னு நிரூபிச்சேன். பெரிய கெட்டிக்காரி.”

அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே தெருவில் இறங்கியிருந்தார். யாரும் ரொட்டியைத் தொடவில்லை.

பூங்கா காவலாளி பருத்த மனிதர். கையில் சருகு வாருகிற நீளக் குச்சி. நடைக்காரரின் போட்டோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார், பிறகு போட்டோவைப் பார்க்காமல் ஒரு பெஞ்சைப் பார்த்தார்.

“இவர் அங்கே தூங்கினார். மிகவும் நன்றாகத் தூங்கினார்” என்றது போன்.

“கூட யாராவது இருந்தாங்களா?” என்றாள் அத்தை.

“ஓர் இளைஞன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனான். நான் அவனை மகன் என்று நினைத்தேன்.”

“எழுப்பிப் பார்க்கலையா?”

காவலாளி குச்சியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பூங்காவைப் பூட்டும் நேரத்தில்தான் எழுப்பினாராம். எழுந்திருக்கவில்லையாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாராம். சட்டைப் பையில் ஒரு காகிதமும் இல்லாததால் வீடில்லாத உள்ளூர்க்காரர் என்று எழுதிக்கொண்டு போனார்களாம். இந்தப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் வேறு. ஆற்றங்கரை ஸ்டேஷன் வேறு. இங்கே பெயரில்லாத ஒருவர். அங்கே ஆளில்லாத ஒரு பெயர். ஒன்றை ஒன்று யாரும் கேட்கவில்லை.

அக்கா பெஞ்சில் உட்காரவில்லை. அதன் முதுகுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆம்புலன்ஸ் எப்படிப் போச்சுன்னு கேளுங்க தம்பி. மெதுவாவா, வேகமாவா?”

“மிகவும் வேகமாக. விளக்கு சுழன்றது. ஒலி எழுப்பியது.”

“விளக்கு சுத்திச்சுன்னா உசுரு இருந்திருக்கும்தானே?”

“பின்னே? உசுரில்லாதவருக்கு என்னக்கா அவசரம்!” என்றான் வெடி. வாய் முந்திக்கொண்டது. “எத்தனை கதை கேட்டிருக்கோம், மாசக்கணக்கா நினைவில்லாம படுத்திருந்துட்டு ஒருநாள் கண்ணு முழிச்சு ‘காபி இருக்கா’ன்னு கேட்டவங்களை!”

அத்தை அவன் முழங்கையைக் கிள்ளினாள். நோகும்படியாகவே கிள்ளினாள். பிறகு காவலாளி சொன்ன ஆஸ்பத்திரிக்கு அவளே தன் போனில் அழைத்து ஸ்பீக்கரில் வைத்தாள். ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு மாற்றினார். அவர் வேறொருவருக்கு மாற்றினார். கடைசியாக வந்தது ஒரு பெண். வயசான ஆண், பூங்காவிலிருந்து வந்தவர், பெயர் தெரியாதவர் என்று வெடி சொல்லச் சொல்ல அவன் போன் அவர்கள் பாஷையில் சொன்னது.

“அடையாளம் ஏதாவது உண்டா?” என்று திரும்பி வந்தது.

“வலது புருவத்துல வெட்டுத் தழும்பு. நடுவுல முடி முளைக்காது” என்றார் அக்கா. “நடந்துக்கிட்டே வரைபடம் பார்த்து விளக்குக் கம்பத்துல முட்டினது. அதையெல்லாம் சொல்ல வேண்டாம் தம்பி. தழும்பு மட்டும் சொல்லுங்க.”

காத்திருக்கச் சொன்னார்கள். போனில் ஏதோ இசை ஓடியது. காவலாளி போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல், ஏற்கெனவே வாரின இடத்தையே வாரிக்கொண்டிருந்தார். இசை நின்றது.

“ஆமாம். அந்தத் தழும்பு இருக்கிறது” என்றது போன் உற்சாகமாக.

அக்கா வெடியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். “இருக்கார்! அவர்தான்! மேடம், அவர்தான்!”

கடைசியாக மாற்றியபோது ஆஸ்பத்திரிக்காரர் எந்தப் பிரிவின் பெயரைச் சொன்னார் என்பதை அத்தையின் காது பிடித்திருந்தது. இந்த ஊர் பாஷையில் அவளுக்குத் தெரிந்த சொற்ப வார்த்தைகளில் அது ஒன்று. துப்பறியும் தொழிலில் அடிக்கடி போய் நிற்க வேண்டிய இடம் அது.

“வரும்போது அவருக்கு ஒரு ஜோடி உடை கொண்டு வாருங்கள்.”

“கொண்டு வர்றேன், கொண்டு வர்றேன். ஆஸ்பத்திரித் துணி அவருக்கு ஆகாது, அரிக்கும்பார். நீலச் சட்டை விடுதியில இருக்கு.” அக்காவுக்கு வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. “செருப்பு கொண்டு வரணுமான்னு கேளுங்க தம்பி. ரெண்டு ஜோடி வெச்சிருக்கார், மெத்துனு இருக்கிறது ஒண்ணு, நீள நடைக்கு ஒண்ணு. எது வேணும்னு கேளுங்க.”

வெடி கேட்டான். அந்தப் பக்கம் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். போன் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தது.

“காலணி வேண்டாம். எங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு யாரும் காலணி கொண்டு வருவதில்லை.”

வெடி போனை நிறுத்தக் கட்டை விரலால் திரையெல்லாம் துழாவினான். பொத்தான் கிடைக்கவில்லை.

“வேறு ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்றது அது, அதே குரலில்.

அக்கா அவன் மணிக்கட்டை விட்டார். பிடித்த இடத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

“இல்லைன்னு சொல்லிடுங்க தம்பி” என்றார். “எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாங்களே, அதுக்கு நன்றியும் சொல்லிடுங்க.”